கொல்லிமலையில் சுவர் எழுப்பிய பாதிரி

கொல்லிமலை என்றால் நம் ஜனங்களுக்கு என்ன ஞாபகம் வருகின்றது? அறப்பளீசுவரர், சித்தர் குகை, சிரித்தே ஆளைக் கொல்லுகின்ற கொல்லிப்பாவை, ஆடிப் பெருக்கில் ஆகாய கங்கை முழுக்கு. அவ்வளவுதான். அந்த மலையில் வசிக்கும் மலையாளி மக்களைப் பற்றியோ, அவர்கள் குடிக்கும் தண்ணீரைப் பற்றியோ, ஸ்தல புராணம் எழுதியவனும் கவலைப்பட்டதில்லை. முழுக்குப் போடப் போகின்றவனும் கவலைப்படுவதில்லை. அக்கவலையை மேற்போட்டுக் கொண்ட ஒருவரைப் பற்றி இவ்வாரம் எழுதுகின்றோம். அவர் ஒரு பாதிரியார்.

பாதிரி என்றதும் நம் தோழர்கள் சிலர் முகத்தைச் சுளிக்கக்கூடும். எந்த மதத்தினிடமும் நமக்கு உறவு கிடையாது. கன்னி பெற்ற பிள்ளையும், செத்துப் பிழைத்த கதையும் நமது புராணப் புளுகுகளுக்குச் சிறிதும் இளைத்தவையல்ல. ஆனால் பாதிரி கட்டினால் என்ன, நாஸ்திகன் கட்டினால் என்ன, கிணற்றுச் சுவர் கிணற்றுச் சுவர்தான்.

ஜெஸ்ஸி பிராண்ட் என்கின்ற அவர் இங்கிலாந்தில் கில்போர்டு என்னும் ஊரில் வீடு கட்டும் தொழில் செய்த குடும்பத்தவர். அவரும் அத்தொழிலே பழகியவர். மிஷன் ஊழியத்திற்கென்று 1907-இல் நம் நாட்டுக்கு வந்து, மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் தங்கினார். 1913-இல் ஈவ்லின் என்னும் அம்மையாரை மணந்து, இருவருமாக மலைமேல் குடியேறினார்கள். இப்பொழுது 70 வளைவுகளில் பஸ்ஸில் ஏறிப் போகின்றோமே, அந்தப் பாதை அன்று கிடையாது. பலகையும் சாமானும் ஆள் சுமையாகவே மேலே போயின. வாழவந்தி என்னும் இடத்தில் கல் தூண்களின்மேல் ஒரு மரவீடு கட்டினார். கரையான் ஏறாதபடி தூண்களின் தலையில் தகரச் சட்டியைக் கவிழ்த்து வைத்தார். நம் ஊரிலானால் வாஸ்து சாந்தி நடத்தியிருப்போம். கரையானுக்கு மந்திரம் தெரியாது என்பது அந்தக் கொத்தனாருக்குத் தெரிந்திருந்தது.

கால்நடையாகவும் குதிரையிலும் மலை முழுதும் அலைந்தவர் அவர். தமது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. தாய் பாடம் சொல்ல, மகன் மரக்கிளையில் உட்கார்ந்து படிப்பான். தகப்பனாரோ புற்றையும் பூச்சியையும் காட்டி, பார், பார்த்துத் தெரிந்துகொள் என்பார். வேதபுத்தகத்தை நம்பியவரேயானாலும் இந்த விஷயத்தில் அவர் நம்மவர்.

இனி நரம்புச் சிலந்திக்கு வருவோம். இது என்னவென்று இன்றைய வாலிபர்களுக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதே ஒரு பெரிய வெற்றி. இரண்டு மூன்று அடி நீளமுள்ள ஒரு புழு காலிலே கொப்புளம் கிளப்பி வெளியே தலை நீட்டும். இழுத்தால் அறுந்து சீழ் பிடிக்கும். ஆதலால் ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக வெளியே எடுக்க வேண்டும். இதற்கு மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள், சாமி குற்றம் என்று கோழி அறுத்தார்கள். உண்மை என்னவென்றால், புழு உள்ளவன் படிக்கிணற்றில் கால் வைத்து இறங்குகின்றான். புழு தண்ணீரில் குஞ்சுகளை விடுகின்றது. நீர்த்தெள்ளு என்னும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சி அவற்றைத் தின்கின்றது. அந்தத் தண்ணீரைக் குடித்தவன் காலில் ஒரு வருஷம் கழித்துப் புழு வருகின்றது. அந்தத் தண்ணீரையேதான் சாமிக்கும் அபிஷேகம் செய்கின்றான்!

ஜெஸ்ஸி பிராண்ட் புழுக்களைக் குச்சியில் சுற்றி எடுத்தார். ஆனால் அவ்வளவோடு நிற்காமல், யாரும் இறங்க முடியாதபடி கிணறுகளைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பினார். இது ஜெபத்தால் ஆனதா, சுண்ணாம்பும் கல்லும் கொண்டு ஆனதா என்று பாதிரிமார்களையே கேட்கின்றோம். பிற்காலத்தில் இந்தியா முழுதும் இந்நோய் ஒழிந்ததும் இதே வழியில்தான்: தண்ணீரைத் துணியில் வடிகட்டினார்கள், படிக்கிணற்றை மூடினார்கள், மருந்து தெளித்தார்கள். 1996-இல் கடைசி நோயாளி. 2000-இல் நாடு இந்நோயினின்று நீங்கியதென்று உலகச் சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. இதற்குத் தடுப்பூசி கிடையாது, கொல்லும் மருந்தும் கிடையாது. தெரிந்துகொண்டதே மருந்து.

மதம் மாற்றத்தானே வந்தார் என்று வைதீகர்கள் கேட்பார்கள். ஆம், அதற்காகத்தான் வந்தார். வந்து பல வருஷம் ஒருவர்கூடச் சேரவில்லை. பூசாரி ஒருவரே மும்முரமாய் எதிர்த்தார். பிறகு விஷக்காய்ச்சல் பரவியபொழுது அந்தப் பூசாரி படுத்தார். அவர் பூஜித்த தெய்வமும் வரவில்லை, தட்சணை வைத்த ஜனங்களும் பயந்து கிட்டே வரவில்லை. வந்தவர்கள் பிராண்ட் தம்பதிகள். சாகும்பொழுது அவர் தமது பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். மதம் மாற்றுகிறான் என்று மலையடிவாரத்தில் நின்று கூச்சலிடுகின்றவர்களை நாம் கேட்பது, அன்று உங்கள் மடாதிபதிகளில் ஒருவராவது பல்லக்கையாவது மேலே அனுப்பினாரா என்பதுதான்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. செங்கற்பட்டில் முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு கூடிய அதே 1929-இல், ஜூன் 15-ந் தேதி, கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி பிராண்ட் இறந்தார். வயது 44. அது மலேரியாவின் கொடிய விளைவு. தம்மைச் சேவித்தவனைக் கர்த்தர் காப்பாற்றவில்லை. கொசுவுக்கு ஆஸ்திகன், நாஸ்திகன் என்ற பேதம் கிடையாது.

இங்கிலாந்தில் படித்துக் கொண்டிருந்த மகன் பாலுக்கு அப்பொழுது 15 வயது முடியவில்லை. கொல்லிமலையில் வளர்ந்த அப்பிள்ளை, முதலில் தகப்பனார் வழியில் கட்டடத் தொழில் பழகி, பிறகே வைத்தியம் படித்து, 1946-இல் வேலூர் கிறிஸ்துவ வைத்தியக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகியின் விரல்களை நோய் தின்கின்றது, முற்பிறவிப் பாவம் தின்கின்றது என்று உலகம் சொல்லிக் கொண்டிருந்தது. டாக்டர் பால் பிராண்ட் பார்த்தார். வலி தெரியாததால் நெருப்பிலும் ஆயுதத்திலும் தாங்களே கையைக் கெடுத்துக் கொள்ளுகிறார்கள் என்று கண்டு சொன்னார். மடங்கிப்போன கைகளைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். பார்த்துத் தெரிந்துகொள் என்று தகப்பனார் சொன்னது வீண் போகவில்லை.

ஈவ்லின் அம்மையாரோ, வயதாகிவிட்டது போதும் என்று மிஷன் சொல்லியும் கேளாமல், எழுபது வயதை நெருங்கியபின் மறுபடியும் மலையேறி, கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் கல்ராயனிலும் மட்டக்குதிரைமேல் சுற்றி, 1974-இல் 95-வது வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம்.

ஆடி விழாவுக்கு மலையேறும் தோழர்கள் ஒரு நடை வாழவந்திக்கும் போய் வரலாம். கற்பூரமும் வேண்டாம், மெழுகுவத்தியும் வேண்டாம். வழியில் மலையூர்களில் நின்று, உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று நான்கு பேரைக் கேட்டு, அவர்கள் சொல்லுவதைக் குறித்துக் கொண்டு வந்தால், அடுத்த வாரமே இப்பத்திரிகையில் போடச் சித்தமாய் இருக்கின்றோம்.