மண் சுமந்தவள் பேர் எந்த ஏட்டில்?

மண்டபத்தூரில் என் அக்கா மகள் பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு, "தொல்லியல் படிக்கப் போறேன் மாமா, மியூசியத்துல வேல பாக்கணும்" என்றாள். அக்கா பட்டென்று கேட்டாள்: "மண்ணு வெட்டறதுக்கா டிகிரி? ஒங்க ஆயா படிக்காமயே வெட்டுனா." எல்லாரும் சிரித்தோம். மேடையில் பெண் விடுதலை பேசுகிற நானும் சிரித்தேன். தோழர்களே, அந்தச் சிரிப்பின் மேல்தான் இந்த வழக்கு.

அக்கா சொன்னது பொய்யில்லை. குளம், வாய்க்கால், பிணக்குழி எல்லாம் வெட்டியவர்கள் நாம். வெட்டிய மண்ணுக்கு அர்த்தம் சொல்லும் வேலையை மட்டும் வேறு யாரோ வைத்துக்கொண்டார்கள்.

அர்த்தம் சொல்வது லேசான அதிகாரமா? நம் புதுவை மண்ணிலேயே பாருங்கள். 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டினார் வீலர் துரை. இத்தாலியப் பானை ஓடுகளை வைத்துக் காலம் குறித்தார். உட்புறம் புள்ளிவரி ஓடும் ரௌலட்டட் தட்டுகளும் கடல் தாண்டி வந்தவை என்றார். இந்திய-ரோமானிய வணிகத்தலம் என்று பேர் வைத்தார். நம் குயவன் கை அங்கே காணாமல் போனது.

1983இல் விமலா பெக்லி அந்தக் கணக்கைத் திருப்பிப் பார்த்தார். ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது, அந்தத் தட்டுகளில் பெரும்பாலானவை இந்த நாட்டிலேயே வனைந்தவை என்று வாதிட்டார். 1989 முதல் 1992 வரை பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய அகழாய்வில் தானே குழியில் இறங்கினார். 1996இலும் 2004இலும் இரண்டு தொகுதிகள் வந்தன. ஓடு அதே ஓடுதான். பார்த்த கண் மாறியது, வரலாறு மாறியது.

வீலரை ஒப்பிக்கும் மாணவனே, விமலாவைத் தெரியுமா உனக்கு? 1861இல் தொடங்கிய இந்தியத் தொல்லியல் துறைக்கு முதல் பெண் தலைமை இயக்குநர் வர 1981 ஆயிற்று: தேபலா மித்ரா. ஒரு பெண்ணுக்கே 120 வருஷம் என்றால் சேரிப் பெண்ணுக்கு எத்தனை?

அருங்காட்சியகத்தில் பறையைக் கண்ணாடிக்குள் வைத்து 'தோல் இசைக்கருவி' என்று சீட்டு எழுதினால் போதுமா? சாவு வீட்டில் அதை அடிக்க வைத்த கொடுமையை எந்தச் சீட்டு சொல்லும்? சீட்டு எழுதுகிற கை யாருடையது என்பதுதான் கேள்வி.

நாம் மட்டும் யோக்கியமா? 'ஆதிக்குடி' என்று சுவரெல்லாம் எழுதினோம். 2015இல் கீழடியில் மண்வெட்டி விழுந்தபின் 'நம்ம நாகரிகம்' என்று கூவுகிறவர்களோடு நாமும் கூவினோம். ஓடு பொறுக்கிக் காலம் சொல்ல நம் வீட்டுப் பெண்கள் எத்தனை பேரை அனுப்பினோம்?

வங்கியில் பேரேடு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஏட்டில் ஏறாத காசுக்குச் சொந்தக்காரன் கிடையாது. வரலாறும் அப்படித்தான். கூடையில் மண் சுமந்தவள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

அக்கா மகள் விண்ணப்பம் போட்டுவிட்டாள். பணம் கட்ட நானாச்சு. கூடை தூக்கினது போதும்டா. குறிப்பேட்டை அவ கையில கொடு.