கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல

ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலில் பல வீடுகளில் நடப்பதுதான். "கழுத்தெல்லாம் ஒரே அழுக்கு, ஒழுங்கா தேச்சுக் குளிக்கிறதே இல்ல" என்று பீர்க்கங்காய் நாரால் அம்மா பிள்ளையின் பிடரியைத் தேய்தேய் என்று தேய்ப்பார். தோல் சிவந்து எரியும். கறுப்பு மட்டும் அப்படியே இருக்கும். அது அழுக்காக இருந்தால்தானே போக!

பிடரியிலும் அக்குளிலும் பட்டையாகப் படர்ந்து, தொட்டால் வெல்வெட் துணிபோல் தடித்திருக்கும் இந்தக் கறுப்பை மருத்துவர்கள் அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்கிறார்கள். சிலருக்குப் பரம்பரையாக வரும். சில மருந்துகளாலும் வரும். ஆனால் எடை கூடிய பிள்ளைகளிடம் பெரும்பாலும் இன்சுலின்தான் காரணம். இனிப்பும் மாவுமாகத் தின்று எடை ஏறும்போது உடல் இன்சுலினுக்கு மசிவதில்லை. கணையம் மேலும் மேலும் அதைச் சுரக்கிறது. ரத்தத்தில் மிஞ்சி நிற்கும் இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிவிட, அவை பெருகித் தோல் தடித்துக் கறுக்கிறது. சர்க்கரை நோய் வருவதற்குப் பல வருடம் முன்பே கழுத்து எச்சரித்துவிடுகிறது. நாம் அதைச் சோப்புப் போட்டு அழிக்கப் பார்க்கிறோம்.

முகப்பருவிலும் இன்சுலினுக்குப் பங்குண்டு. எண்ணெய்ப் பலகாரம் தின்றால் பரு வரும் என்பது வீட்டுப் பேச்சு. ஆனால் பாப்புவா நியூ கினியாவின் கிடாவா தீவு மக்கள் கிழங்கு, பழம், மீனோடு தேங்காயும் தாராளமாகச் சாப்பிடுகிறவர்கள். அங்கே 1,200 பேரைப் பரிசோதித்ததில் ஒருவர் முகத்திலும் பரு இல்லை என்று 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. அது அவர்களின் மரபாக இருக்கலாமே என்று கேட்கலாம். 2007இல் வெளியான மெல்போர்ன் ஆய்வில், பரு உள்ள இளைஞர்களுக்கு ரத்தச் சர்க்கரையையும் அதோடு இன்சுலினையும் சட்டென்று ஏற்றாத உணவை 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான உணவு சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குப் பரு நன்றாகவே குறைந்திருந்தது.

இப்போது நம் பிள்ளைகளின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் குவித்த சோற்றுக்கு ஓரமாக ஒரு கரண்டி பொரியல், டியூஷன் போகும் வழியில் பேக்கரி பப்ஸும் குளிர்பானமும். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே பாட்டிலில் கணக்கு தாண்டிவிட்டது. சோற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. சோறு ஒரு கரண்டி குறைந்து கூட்டும் கீரையும் ஒரு கரண்டி கூடட்டும். மாலையில் சுண்டலோ அவித்த முட்டையோ இருக்கட்டும். எடை குறையக் குறையக் கழுத்துக் கறுப்பும் மெல்ல மங்கும். மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும்.

எனக்குத் தாங்காதது, இந்தக் கழுத்துக்காக வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளையிடம் வீட்டிலும் சிவப்பழகு கிரீமை நீட்டுவதுதான். தயவுசெய்து தேய்ப்பதை நிறுத்துங்கள். பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துப் போய் எடையையும் ரத்தச் சர்க்கரையையும் பாருங்கள். பெரியவர்களுக்கு, அதுவும் எடை குறைந்துகொண்டே வரும்போது, இந்தக் கறுப்பு திடீரென்று பரவினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அது அரிதாக உள்ளுறுப்புப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கும்.