அடுப்புக்குக் கீழே

விறகடுப்பைப் பற்றிய நம் எழுத்துகளில் மணம் உண்டு, ஏக்கம் உண்டு. அடுப்பு நிற்கும் தளம் மட்டும் இல்லை. ‘அடுப்பங்கரை’ என்ற சொல்லிலோ கரை இருக்கிறது. தீயை எல்லைக்குள் நிறுத்தும் கரை என்றே அதை நாம் வாசிக்க விரும்புகிறோம்.

தேவதானத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரையிலான மலையடிவாரத்தில் விறகுத்தீ இன்னும் அணைந்துவிடவில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா, விறகடுப்பில் சுண்டக் காய்ச்சியே பேர்பெற்றது. இன்று ‘விறகடுப்புச் சமையல்’ என்பது உணவகங்களின் விளம்பரப் பலகையாகவும் ஆகிவிட்டது. அந்த ஆசையில் வீட்டின் பின்கட்டில் அடுப்புப் போடுகிறவர்களில் சிலர், பளபளப்பான கல்லைப் பாவி அதன்மேல் நேராகத் தீ மூட்டிவிடுகிறார்கள்.

கல் தீயைத் தாங்கும் என்பது பாதி உண்மையே. கருங்கல்லில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பு மாறிச் சட்டென விரியும். கல் விரிசல் விடும். கடப்பைக் கல்லோ சுண்ணாம்புக்கல் வகை. கடுந்தீயில் நெடுநேரம் கிடந்தால் வெந்து உதிரும். ஈரம் ஊறிய ஆற்றுக்கல்லை உள்ளே எழும் நீராவியே வெடிக்க வைக்கும். ஆகவே கல் பாரத்தைச் சுமக்கட்டும். தீயைச் செங்கல்லும் களிமண்ணும் ஏற்கட்டும். நிலத்தை இறுக்கி, செங்கல் ஜல்லியும் மணலும் பரப்பிக் கல் பாவுவதும், அடுப்பு வாய்க்கு முன்னால் கங்கு தெறித்து விழ ஒரு முழமாவது தளத்தை நீட்டுவதும் அலங்காரம் அல்ல, காவல்.

ஆனால் தளம் சரியானால் எல்லாம் சரியாகிவிடாது. வீட்டுச் சமையல் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தரையில் குந்தி ஊதுகுழல் ஊதிய பெண்களின் கண்ணெரிச்சலை விட்டுவிட்டு, சோற்றின் சுவையை மட்டும் நினைவுகூர்வது நேர்மையாகாது. புகைபோக்கி இல்லாத அடுப்பை மரபு என்று கொண்டாட நாம் தயாராக இல்லை.

விறகுக்கும் கணக்கு உண்டு. இந்த மலை 1988 முதல் சாம்பல் நிற அணில் சரணாலயம். 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதி. மலைமரத்தில் கைவைக்காமல், சமவெளியில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை எரிக்கலாம்.

அடுப்புக்கு ஆசைப்படுகிறவர்கள் கொத்தரிடம் கல்லைப் பற்றிக் கேட்கட்டும். அதற்கு முன், நாள்தோறும் அங்கே நிற்கப்போகிறவரிடம் மேடை எவ்வளவு உயரம் வேண்டும், புகை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்கட்டும்.