வலிப்பு நோயும் நம் கடமையும்

நாம் மாணவராயிருந்த காலத்தில் நண்பனொருவன் வகுப்பில் வலிப்புற்று வீழ்ந்தபோது, அவன் கையில் திறவுகோலைத் திணித்தோம். மறுநாள் அவனருகே அமரவும் அஞ்சினோம். அந்நோய் மூளையின் மின்னியக்கம் சிறிது பொழுது பிறழ்வதால் வருவது. தெய்வக் குற்றமன்று, தொற்றுவதுமன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு அஃதுண்டு. தக்க மருந்துண்டால் நூற்றுவருள் 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. நம் நாட்டு அரசினர் வைத்தியசாலைகளில் சிகிச்சையும் இலவசமே. ஆயினும் மாத்தளை நகரிலும் தோட்டங்களிலும் மகளின் மணம் தடைப்படுமென்றஞ்சி நோயை மறைப்போர் இன்றும் உளர். மறைத்தலால் மருந்து தடைப்படுகின்றது. ஒதுக்குதலால் உள்ளம் நொறுங்குகின்றது.

மாணவர்காள்! வலிப்புற்றவனை ஒருக்களித்துக் கிடத்துங்கள், 5 நிமிடம் கடப்பின் வைத்தியசாலைக்கு விரையுங்கள், தெளிந்தபின் அருகிருத்துங்கள். நாம் தவறியதை நீவிர் செய்யின், இவ்விழாவுக்கு அதுவே பெருமை.