மாமியாருக்கு ஒரு பாஷை, மருமகளுக்கு ஒரு பாஷை!

வெவ்வேறு பாஷை பேசுகிற ஆணும் பெண்ணும் கல்யாணம் செய்து கொள்வது இன்று புதுமை அல்ல. சென்னை, பெங்களூர், ஐதராபாத் போன்ற நகரங்களில் பல மாநிலத்தார் ஒரே இடத்தில் வேலை பார்க்கிறார்கள். பழகுகிறார்கள். மணந்து கொள்கிறார்கள்.

கணவன், மனைவிக்குள் தொல்லை இல்லை. இங்கிலீஷிலோ இந்தியிலோ பேசிக் கொள்வார்கள். தொல்லை மாமியார் வீட்டில்தான் ஆரம்பமாகிறது. அங்கே பல பெரியவர்களுக்குத் தெரிந்தது ஒரே பாஷை.

ஒரே சொல், பொருள் வேறு

"அவசரம்" என்ற சொல்லைப் பாருங்கள். தமிழில் அது விரைவு. தெலுங்கில் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு.

"பாயசம் வைக்கட்டுமா?" என்று தெலுங்கு மாமியாரிடம் தமிழ் மருமகள் கேட்கிறாள். "அவசரம் லேது" என்கிறார் மாமியார். "தேவை இல்லை" என்று அதற்குப் பொருள். "மெதுவாகச் செய்யலாம்" என்று மருமகள் நினைத்துக் கொள்கிறாள். மாலையில் பாயசம் கொதிக்கிறது. மாமியார் மனமும் கொதிக்கிறது!

மரியாதைச் சொல்லிலும் ஆபத்து உண்டு. தமிழில் "வா" வேறு, "வாங்க" வேறு. தெலுங்கில் "ரா" வேறு, "ரண்டி" வேறு. கன்னடத்தில் "பா" வேறு, "பன்னி" வேறு. புது மருமகள் முதலில் கற்க வேண்டியது இந்த மரியாதைச் சொற்களைத்தான்.

நடுவில் மகன்

பல வீடுகளில் மகன்தான் மொழிபெயர்ப்பாளன். தாய் சொன்னதில் பாதியை விழுங்குவான். மனைவி சொன்னதில் பாதியை விழுங்குவான். அன்றைக்குச் சண்டை வராது. ஆனால் மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் அறியாமலே வருஷங்கள் ஓடிவிடும்.

யார் கற்பது?

"வந்தவள் கற்றுக் கொள்ளட்டும்" என்பார்கள். மாமியாரும் பத்துச் சொல் கற்றால் என்ன? 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில், தாய்மொழியோடு தெரிந்த வேறு பாஷைகளையும் கேட்டு எழுதினார்கள். நம் நாட்டில் சுமார் நான்கில் ஒருவருக்கு இரண்டு பாஷையாவது தெரியும் என்று தெரிய வந்தது. அவர்களில் பள்ளிக்கூடம் போகாமல், சந்தையிலும் தெருவிலும் கற்றவர்களும் உண்டு. சந்தையில் கற்க முடிந்ததைச் சமையலறையில் கற்க முடியாதா? "சாப்பிட்டாயா?", "உடம்புக்கு என்ன?" என்று மருமகளின் பாஷையில் கேட்டால் போதும். அவள் மனம் குளிர்ந்துவிடும்.

பேரக்குழந்தை

பெற்றோர் இங்கிலீஷ் மட்டும் பேசினால் குழந்தையும் அதையே பேசும். பிறகு இரண்டு பாட்டிகளுக்கும் பேரனோடு பேச வழி இராது. கதை சொல்ல முடியாது. கொஞ்ச முடியாது.

இதற்கு ஒரு வழி உண்டு. பிரான்சு நாட்டு மொழியறிஞர் ஜூல் ரோன்ஜாவின் மனைவி ஜெர்மன் பாஷைக்காரி. மகனிடம் தந்தை பிரெஞ்சு மட்டும் பேசினார். தாய் ஜெர்மன் மட்டும் பேசினாள். பையன் இரண்டையும் நன்றாகப் பேசினான். இதை ரோன்ஜா 1913-ல் புத்தகமாகவே வெளியிட்டார்.

நம் வீடுகளிலும் இதைச் செய்யலாம். தாய் தன் பாஷையில் பேசட்டும். தந்தை தன் பாஷையில் பேசட்டும். குழந்தை குழம்பிவிடும் என்ற பயம் வேண்டாம். பெரியவர்கள் சிரமப்பட்டுக் கற்பதைக் குழந்தை விளையாட்டாகக் கற்றுக் கொள்ளும். பாட்டிக்கும் அதுவே வாத்தியார் ஆகும்!