பெயரிழந்த படங்கள்

பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியைச் சூழ்ந்து எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், சுவரில் ஆணி அடிப்பதற்கு வாடகைக்கு இருப்போர் பலருக்கு இசைவு கிடைப்பதில்லை. பாட்டனார் படமும் பெற்றோரின் திருமணப் படமும் கூடத்துச் சுவரைவிட்டு இறங்கிப் பரணுக்குச் சென்றுவிட்டன. அவ்விடத்தை இன்று தொலைக்காட்சித் திரை ஏற்றுவருகின்றது.

இவ்வெண்ணம் புதிதன்று. 1992-இல் கோடக் நிறுவனம், ஏறத்தாழ 100 நிழற்படங்களை ஒரு குறுந்தகட்டில் பதிந்து தொலைக்காட்சியில் காணும் முறையை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2013-இல் கூகுளின் குரோம்காஸ்ட் என்னும் சிறு கருவி வந்தது. திரை ஓய்ந்திருக்கும் வேளையில் ஓவியங்களையும் நம் சொந்தப் படங்களையும் மாற்றி மாற்றிக் காட்டும் வசதி அடுத்த ஆண்டே அதனுடன் சேர்ந்தது. 2017-இல் சாம்சங் நிறுவனம், பார்க்காத நேரத்தில் ஓவியச் சட்டமாகவே தோன்றும் தொலைக்காட்சியை வெளியிட்டது.

இவை வெறும் அலங்காரம் என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கண்பார்வை மங்கிய முதியவரும் ஒரு முகத்தைப் பெரிதாகக் கண்டு அடையாளம் சொல்ல முடிகின்றது. வீட்டார் அனைவரும் ஒருங்கே அமர்ந்து காண முடிகின்றது. நம் கவலை வேறு. எங்கோ பிறந்த ஓவியரின் படைப்பு அத்திரையில் தோன்றுங்கால், அவர் பெயரும் மூலையில் தோன்றுகின்றது. நம் கொள்ளுப்பாட்டியார் தோன்றுங்கால் பெயர் இல்லை, ஊர் இல்லை, ஆண்டும் இல்லை.

தமிழகத்துப் பழைய நிழற்பட நிலையங்களின் படங்களைத் தேடித் தொகுத்து மின்வடிவில் காக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் மேற்கொண்டது. போற்றத்தக்க பணி அது. ஆயினும், படத்தில் இருப்பவர் யார் என்பதை அக்குடும்பத்து முதியோரன்றி வேறு எவர் சொல்லவல்லார்? அவர்கள் மறைந்தபின் எந்தக் கருவியும் அதனை மீட்டுத் தாராது.

கருவிகளும் நிலையானவை அல்ல. கோடக்கின் அக்குறுந்தகடு வழக்கொழிந்தது. குரோம்காஸ்ட் உற்பத்தியும் 2024-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே கருவியை நம்பிப் படத்தைக் கைவிடலாகாது.

மாணவ மணிகளே, வரும் விடுமுறையில் இதனைச் செய்யுங்கள். பழைய படங்களைச் செல்பேசியில் தெளிவாக எடுத்து, ஒரு பென்டிரைவில் இட்டுத் தொலைக்காட்சியில் இணையுங்கள். பாட்டனாரையும் பாட்டியாரையும் எதிரே அமர்த்தி, ஒவ்வொரு முகத்திற்கும் பெயர் கேளுங்கள். வாட்ஸப்பில் உறவினர்க்கு அனுப்புங்கால் படமாக அன்றி ஆவணமாக அனுப்பினால் தெளிவு குன்றாது. கேட்ட பெயரையும் ஊரையும் ஆண்டையும் கோப்பின் பெயராகவே இடுங்கள். காகிதப் படத்தின் பின்புறம் பென்சிலால் மென்மையாக எழுதி வையுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லத் தொடங்குங்கள்.