சரக்கு இல்லையா? காசை வாங்காதே!

விடியற்காலை. போடியில் டீக்கடை பாய்லர்கூட இன்னும் சரியாகச் சூடேறவில்லை. தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்கிறார்கள். போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும் நேரம் வீடு திரும்புகிறவர்கள்.

அதில் ஓர் அம்மாள் தோளில் பழைய உரச்சாக்கு. மழை வந்தால் கொங்காணி போட்டுக்கொள்ள மடித்து வைத்திருக்கிறார்.

"ஏன்க்கா, மழைக்கோட்டு வாங்கலையா?" என்று கேட்டோம். அவ்வளவுதான், பொரிந்து தள்ளிவிட்டார்!

"வாங்கினேன் தம்பி, போன்ல! மகன்தான் போட்டுக் குடுத்தான். அறுநூத்தி அம்பது ரூபா. காசு அந்த நிமிஷமே போயிருச்சு. ஆறு நாள் கழிச்சு, ஸ்டாக் இல்லைன்னு ஒரு மெசேஜ் வருது. காசு வரும் வரும்னு சொல்றாங்க, பத்து நாளாச்சு. இன்னொன்னு வாங்க எங்கிட்ட ஏது காசு? மழை எனக்காக நிக்குமா?"

பக்கத்தில் நின்ற ஜீப் டிரைவரும் சேர்ந்துகொண்டார். "எனக்குக் கேட்ட சாமான் இல்லைன்னு சொல்லாமலே வேற ஒன்னை அனுப்பிட்டாங்க சார். திருப்பி அனுப்ப நாலு நாள் அலைஞ்சேன்."

இருவருக்கும் நடந்தது ஒன்றுதான். இல்லாத சரக்குக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்!

ஏலத்தில் இது நடக்குமா?

போடிக்காரர்களுக்கு வியாபாரம் புதிதல்ல. இங்கே ஏலக்காய் ஏலமே கம்ப்யூட்டரில்தான் நடக்கிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில், வியாபாரிகள் திரைக்கு முன் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். கூவல் இல்லை, சத்தம் இல்லை. பட்டனைத் தட்டினால் விலை ஏறுகிறது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏலத்துக்கு வரும் காய் முன்கூட்டியே மூட்டையாக வந்து சேர்ந்திருக்க வேண்டும். எந்த லாட், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ என்று எழுதியிருக்க வேண்டும். சாம்பிள் வியாபாரி கைக்கு வரும். பிரித்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், நிறம் பார்ப்பார். பிறகுதான் விலை!

"காய் இன்னும் வரவில்லை, காசை மட்டும் கட்டிவிட்டுப் போங்கள்" என்று ஏலத்தில் யாராவது சொன்னால் என்ன ஆகும்? மறுநாள் அவர் இந்த ஊரில் வியாபாரம் செய்ய முடியாது.

பெரிய வியாபாரிக்கு உள்ள இந்த நியாயம், மழைக்கோட்டு வாங்கும் கூலிக்காரப் பெண்ணுக்கு ஏன் இல்லை? அதுவும் கம்ப்யூட்டர், இதுவும் கம்ப்யூட்டர்தானே!

கூடையில் என்ன நடக்கிறது?

போனில் ஒரு பொருளைக் கூடையில் போட்டால், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்த மாதிரி என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. பெரும்பாலான இணையக் கடைகளில் கூடையில் போட்ட பொருள் யாருக்கும் ஒதுக்கப்படுவது கிடையாது. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மதுரையில் இருப்பவர் பணத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

திரையில் "இருப்பு உண்டு" என்று தெரிவது கணக்குப் புத்தகத்தில் உள்ள எண்தான். கிடங்கில் இருப்பது வேறாக இருக்கலாம். ஒரே வியாபாரி, தன்னிடம் உள்ள ஐந்து உருப்படியையே மூன்று தளங்களில் போட்டிருப்பார். ஓரிடத்தில் விற்றதும் மற்ற இரண்டிலும் எண் குறைய வேண்டும். அது குறையத் தாமதமானால் ஐந்துக்கு எட்டுப் பேர் காசு கட்டிவிடுவார்கள். உடைந்து போனது, காணாமல் போனது, திரும்பி வந்து அழுக்கானது எல்லாம் கணக்கில் "இருப்பு" என்றே நிற்கும்.

சரி, தவறு நடப்பது சகஜம். அதை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்பதில்தான் கடையின் நாணயம் தெரியும்.

நம் மளிகைக் கடைக்காரரைப் பாருங்கள். பத்துச் சாமான் சிட்டை கொடுத்தால், இல்லாததற்கு நேரே ஒரு கோடு இழுக்கிறார். "அண்ணாச்சி, வெல்லம் இல்லை, நாளைக்கு வரும். மத்த ஒன்பதும் கட்டட்டுமா?" என்று கேட்கிறார். வெல்லத்தைக் கழித்துவிட்டுத்தான் கூட்டுத்தொகை போடுகிறார்.

இணையக் கூடையும் இதைத்தான் செய்ய வேண்டும். பணம் கட்டும் பட்டனை அமுக்கும் அந்த நொடியில் இருப்பை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். பணம் கட்டத் தொடங்கியவருக்குப் பத்து நிமிடமாவது அந்தப் பொருளைப் பிடித்து வைக்க வேண்டும். தீர்ந்துபோயிருந்தால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, எதை எடுத்தோம் என்று எழுதிக் காட்ட வேண்டும். மற்றச் சாமான்களைத் தொடக்கூடாது. பதில் பொருள் அனுப்புவதென்றால் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும்.

இது முடியாத வித்தை அல்ல. மளிகைக் கடை அண்ணாச்சி பென்சிலில் செய்கிற வேலை!

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகளும் இணையக் கடைகளுக்கும் பொருந்தும். ஒவ்வொரு கடையும் புகார் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். நாம் ஆர்டரை ரத்து செய்தால் அபராதம் வாங்கும் கடை, தானாக ரத்து செய்தால் அதே மாதிரி அபராதத்தைத் தானும் சுமக்க வேண்டும். இல்லையென்றால் நம்மிடமும் வாங்கக்கூடாது.

2023 நவம்பர் 30-ந் தேதி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 வகை ஏமாற்று வித்தைகளுக்குத் தடை போட்டது. குறைந்த விலை காட்டி இழுத்து, வாங்கப் போகும்போது "தீர்ந்துவிட்டது" என்று சொல்லி விலை கூடியதைத் தலையில் கட்டுவது அதில் ஒன்று. "இன்னும் 2 மட்டுமே பாக்கி" என்று பொய்யாகப் பயமுறுத்துவது இன்னொன்று. கேட்காத சாமானைக் கூடையில் நைசாகச் சேர்ப்பது மற்றொன்று.

ஓட்டை எங்கே இருக்கிறது தெரியுமா? காசைத் திருப்பித் தரும் நாள் கணக்கில்!

பணம் கணக்கிலிருந்து கழிந்து, கடைக்கு உறுதி போய்ச் சேராவிட்டால், 5 நாளுக்குள் திருப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரிலேயே உத்தரவு போட்டது. அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. ஆனால் பணம் கடைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, "சரக்கு இல்லை" என்று கடை கையை விரித்தால்? மின்வணிக விதியில் உள்ளது "நியாயமான காலத்துக்குள்" என்ற ஒரு சொல்தான். எத்தனை நாள் நியாயம்? கடைக்காரருக்கு இருபது நாளும் நியாயமாகத் தெரியும். கூலிக்காரருக்கு ஒரு வாரமே அநியாயம்!

வங்கிக்கு ஒரு நியாயம், கடைக்கு ஒரு நியாயமா?

அமெரிக்காவில் கதை வேறு. தபாலில் ஆர்டர் வாங்கி விற்கும் கடைகளுக்கு 1975-லேயே அங்கே விதி போட்டார்கள். சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், அனுப்ப முடியும் என்பதற்குத் தக்க ஆதாரம் இருந்தால்தான் ஆர்டர் வாங்கலாம். தாமதமானால் வாங்குபவரின் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் இல்லையென்றால் பணம் வாபஸ். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் இந்த விதியை மதிக்காத ஏழு இணையக் கடைகள், 2000 ஜூலையில் மொத்தம் 15 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. அதற்குப் பெயர்தான் சட்டம்!

நம் ஊர் வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை

வெளியூர்க் கம்பெனிகளை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. போடியிலிருந்து ஏலக்காய், மிளகு, காபித்தூள் என்று போனிலேயே விற்கிறவர்கள் இப்போது ஏராளம். நல்ல காரியம். 2023 ஜூனில் போடிக்கு அகல ரயில் வந்த பிறகு ஊர் இன்னும் வளர ஆசைப்படுகிறது.

ஆனால் 8 மில்லிமீட்டர் காய் தீர்ந்துவிட்டால் அதன் படத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். 8 கேட்டவருக்குச் சொல்லாமல் 7 அனுப்பினால், கெடுவது உங்கள் கடைப் பெயர் மட்டுமல்ல. போடிக் காயின் பெயரும் சேர்ந்தே கெடும்.

ஏலக்காய் விலை நிலையாக நிற்காது. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். விலை ஏறிய அன்று, பழைய விலைக்குக் காசு வாங்கிய ஆர்டரை "ஸ்டாக் இல்லை" என்று தள்ளிவிட்டு, அதே காயைப் புது விலைக்கு விற்கக் கை துறுதுறுக்கும். அது வியாபாரம் அல்ல, பித்தலாட்டம்.

ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது

ஆர்டர் போட்ட பக்கத்தையும், "இருப்பு இல்லை" என்று வந்த மெசேஜையும் படம் எடுத்து வையுங்கள். "பணத்தை எங்கள் வாலட்டில் போடுகிறோம், அடுத்த தடவை வாங்கிக்கொள்ளுங்கள்" என்றால் தலையாட்டாதீர்கள். நீங்கள் சம்மதித்தாலொழிய, வந்த வழியிலேயே பணம் திரும்ப வேண்டும்.

முதலில் கடையின் புகார் அதிகாரிக்கு எழுதுங்கள். அசையவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கம்பெனி டில்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. மனுவை இணையத்திலேயே கொடுக்கலாம்.

ஆனால் 650 ரூபாய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அந்த அம்மாள் எங்கே போவார்? அவர் வழக்குப் போட மாட்டார் என்று தெரிந்துதான் கடைகள் மெத்தனமாக இருக்கின்றன.

ஆகவே மத்திய அரசுக்கு நம் கோரிக்கை இரண்டு. பணம் வாங்கிய பிறகு சரக்கு இல்லையென்று ரத்து செய்யும் கடை, 5 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய், யாரும் கேட்காமலே தர வேண்டும். வங்கிகளுக்குப் போட்ட அதே உத்தரவு! "நியாயமான காலம்" என்ற வார்த்தையை விதியிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் எண்ணைப் போடுங்கள்.

மலையில் மழை இறங்கிவிட்டது. உரச்சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்த அம்மாள் இன்றும் ஜீப் ஏறிப் போயிருக்கிறார். அவருடைய 650 ரூபாய் யாரோ ஒருவரின் கணக்கில் நனையாமல் இருக்கிறது.

அதிகாரிகள் கவனிப்பார்களா?